உள்ளூர் மொழியில் பேசுகிறார்கள்

“ஒரு வாரமா அந்த அஞ்சு செகண்டையே திருப்பித் திருப்பிப் போட்டுட்டு உக்காந்திருக்கார்ப்பா. தாத்தா மூஞ்சி எங்கயாவது தெரியுதான்னு தேடறார் போல.”

மாடிப்படியில் கிஷோர் போனில் யாரிடமோ சொல்லிச் சிரித்தது, பின்னால் ஏறி வந்த ஸ்ரீவித்யாவின் காதில் விழுந்தது.

யாரைப் பற்றி என்று கேட்கத் தேவையில்லை. பாலகிருஷ்ணன்தான்.

துப்பறியும் தொடர், அரண்மனை நாடகம், கேக் செய்யும் போட்டி, பெங்குவின் படம் என்று பிரிட்டனிலிருந்து எது வந்தாலும் தமிழில் சப்டைட்டில் போடுகிற ஆபீஸ் அது. பெங்களூர் அடுகோடியில், டயர் கடைக்கு மேலே. ஸ்ரீவித்யா டீம் லீட். இந்த வாரம் கிஷோர் மூன்று கொலைகளை முடித்துவிட்டான். ஜெனிஃபர் ஐந்து கேக் போட்டிகளை முடித்துவிட்டாள். பாலகிருஷ்ணனிடம் கொடுத்தது ஒரு டாக்குமெண்டரித் தொடரின் முதல் எபிசோட் மட்டும். பழைய தங்கச் சுரங்கங்களைப் பற்றியது.

நேராக அவர் மேஜைக்குப் போய் நின்றாள்.

“சார், ஃபைல் எங்கே?”

“ஒரு பத்து நிமிஷம் மேடம்.”

“திங்கட்கிழமையும் இதையேதான் சொன்னீங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்கு லண்டனுக்குப் போகலைன்னா மீதி ஒன்பது எபிசோடையும் வேற ஆபீஸுக்குக் கொடுத்துடுவாங்க. உங்க ஒருத்தரால ஆறு பேர் வேலை போகணுமா?”

“தாத்தா கிடைச்சாரா சார்?” என்றான் கிஷோர். யாரோ சிரித்தார்கள்.

ஸ்ரீவித்யா குனிந்து திரையைப் பார்த்தாள். கறுப்பு வெள்ளைப் படம் உறைந்து நின்றது. மற்ற எல்லா இடத்திலும் தமிழ் நிரம்பியிருந்தது. இந்த ஓர் இடத்தில் மட்டும் மேல் வரியில் வர்ணனை. கீழ் வரி காலி.

“ஜெனிஃபர், லண்டன்காரங்க அனுப்பின லிஸ்ட்ல இந்த இடத்துக்கு என்ன இருக்கு பாரு.”

“‘உள்ளூர் மொழியில் பேசுகிறார்கள்’னு இருக்கு மேடம்.”

“அதை அப்படியே தமிழ்ல போட்டா முடிஞ்சுது. இதுக்கா ஒரு வாரம் சும்மா உக்காந்திருந்தீங்க?”

“போட முடியாது.”

“என்னது?”

“போட முடியாது மேடம்!” அவர் சத்தம் போட்டு அந்த ஆபீஸில் யாரும் கேட்டதில்லை. “என்ன உள்ளூர் மொழி? தமிழ் மேடம் அது! தமிழ் பேசற ஜனங்களைக் காட்டி, அதுக்குக் கீழ தமிழ்லயே, ‘என்னமோ பேசறாங்க’ன்னு நானே எழுதணுமா? லண்டன்காரனுக்குப் புரியலை. சரி. நமக்குமா புரியலை?”

ஸ்ரீவித்யாவுக்கு முகம் சிவந்தது.

“கேமராவைப் பார்த்து நாலு பேர் ஓடி வர்றாங்க. அப்படி என்ன பெரிசா பேசிடப் போறாங்க?”

அவர் ஹெட்போனைக் கழற்றி நீட்டினார்.

“நீங்களே கேளுங்க.”

மாட்டிக்கொண்டாள். இடுப்பில் குழந்தைகளோடு பெண்கள் கேமராவை நோக்கி ஓடி வந்தார்கள். அதன்மேல் ஒரு வெள்ளைக்காரக் குரல், சிரிப்பும் பேச்சுமாக. அது சொன்னதைத்தான் மேல் வரியில் பாலகிருஷ்ணன் தமிழில் போட்டிருந்தார். ‘கேமராவைக் கண்ட குதூகலத்தில் ஓடி வருகிறார்கள்.’

“குதூகலம்!” என்றார் அவர். “இது எங்க கே.ஜி.எஃப் தங்கச் சுரங்கம். நான் அங்க பொறந்தவன். எங்கப்பா, அவங்கப்பா எல்லாம் சுரங்கத்துல இறங்கினவங்க. வேலை நேரத்துல பொம்பளைங்க சுரங்க வாசலுக்கு வர மாட்டாங்க மேடம். உள்ள பாறை சரிஞ்சு சங்கு ஊதினாத்தான் இப்படி ஓடி வருவாங்க. வெள்ளைக்காரன் குரலை முடிஞ்ச வரைக்கும் குறைச்சு வெச்சிருக்கேன். இப்ப கேளுங்க.”

முதல் தடவை இரைச்சல்தான் கேட்டது. இரண்டாம் தடவையும். மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டாள்.

கேமராவுக்கு மிகப் பக்கத்தில் ஓர் இளம்பெண்ணின் குரல், மூச்சு வாங்க:

“தொரே, நானூத்திப் பன்னெண்டாம் நம்பரு மேல வந்துட்டாரா? கொஞ்சம் பாத்துச் சொல்லு தொரே.”

ஸ்ரீவித்யா கண்ணைத் திறந்தாள்.

“நம்பரா?”

“பேரைச் சொன்னா துரைக்குத் தெரியாதில்ல. அதான் புருஷனோட வேலை நம்பரைச் சொல்லுது.”

“கேமராக்காரன் என்ன சொன்னான்?”

“ஒண்ணும் சொல்லலை. அடுத்த சீன்ல கிளப்ல டென்னிஸ் ஆடறாங்க.”

கிஷோர் தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மணி நாலு ஐம்பத்திரண்டு.

“அந்தப் பொண்ணு பேசினதை டைப் பண்ணிட்டீங்களா?” என்று கேட்டாள். குரல் இறங்கியிருந்தது.

“தனியா எடுத்து வெச்சிருக்கேன் மேடம். ஆனா ரெண்டு வரி வருது. திரையில ஒரு சமயத்துல ரெண்டு வரிக்கு மேல போடக்கூடாது. அதுல ஒண்ணு வர்ணனைக்கு. அதை எடுக்கவே கூடாதுன்னு லண்டன்ல கண்டிஷன். அதான் இவ பேச்சை ஒரே வரியில சுருக்க முடியுமான்னு ஒரு வாரமாப் பார்க்கறேன்.” அவர் திரையைப் பார்த்தபடி சொன்னார். “எந்த வார்த்தையை எடுக்கறதுன்னே தெரியலை மேடம்.”

ஸ்ரீவித்யா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

‘கேமராவைக் கண்ட குதூகலத்தில் ஓடி வருகிறார்கள்’ என்ற வரியை அழித்தாள். அந்தப் பெண் கேட்டதை, ஒரு வார்த்தை குறையாமல், இரண்டு வரியிலும் போட்டாள். லண்டனுக்கு அனுப்பினாள்.