ஆணியில் தொங்கிய பேட்ஜ்

“டியூட்டிக்குத் திரும்பி வந்த நாலே நாள்ல இவ்ளோ டோஸ் எப்படிப்பா ஏறும்? அந்த நாலு நாளும் நீ மேஜையில உக்காந்து ரிப்போர்ட் எழுதிட்டிருந்தே!”

சுந்தரமூர்த்தி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அணு ஆராய்ச்சி நிலையத்தின் பாதுகாப்பு அதிகாரி அவர். சனிக்கிழமை அதுவுமாக, கடலோரத்திலிருந்து ஆம்பூர் வரை காரை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்றால் விஷயம் சின்னதல்ல. நத்தானியேல் அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“பேட்ஜ்ல ஏதாவது கோளாறு இருக்கும் சார்.”

“செக் பண்ணிட்டேன். ஒரு கோளாறும் இல்ல.”

உடம்பில் பட்ட கதிரியக்கத்தைக் கணக்கு வைக்கும் சின்ன வில்லை அந்த பேட்ஜ். வேலை முடிந்ததும் நிலையத்திலேயே மாட்டிவிட்டு வர வேண்டும். போன வெள்ளிக்கிழமை ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் நத்தானியேல் அதைச் சட்டையோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான்.

“இங்க எங்க வெச்சிருந்தே?”

“பெட்ரூம் ஆணியில, வந்ததும் கழட்டி மாட்டுன சட்டையோட தொங்கிட்டிருந்துச்சு. திங்கக்கிழமை காலையிலதான் எடுத்தேன்.”

“அப்போ இந்த வீட்லதான் ஏறியிருக்கு. லேப்லேருந்து எதையாச்சும் எடுத்தாந்தியா? எங்கிட்ட மட்டும் உண்மையச் சொல்லு. திங்கக்கிழமை நான் ரிப்போர்ட் குடுத்தாவணும். குடுத்துட்டா வேலையோட போவாது, போலீஸே வந்துடும்.”

“ஆண்டவர் சாட்சியா இல்ல சார்!”

சமையலறையில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. மனைவி கெசியா கேட்டுக்கொண்டிருக்கிறாள். கேட்டு என்ன? அவள் அவனிடம் முகம் கொடுத்துப் பேசியே இரண்டு மாதம் ஆகிறது.

வடக்கே இரண்டு மாதப் பயிற்சி என்று அவன் கிளம்பியபோது, “இப்போ போவாதீங்க” என்றாள். காரணம் கேட்டதற்கு வாயைத் திறக்கவில்லை. அவனும் கோபத்தில் கதவை அறைந்துவிட்டுப் போய்விட்டான். திரும்பி வந்து பார்த்தால், மகளை ஆலங்காயத்துக்குச் சித்தி வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். தொண்டை கட்டிவிட்டது என்று கழுத்தைத் துப்பட்டாவால் சுற்றிக்கொண்டு, அவனை ஹாலில் படுக்கச் சொல்லிவிட்டுப் பெட்ரூம் கதவைச் சாத்திக்கொண்டாள். அவனுக்குச் சமைப்பதும் இல்லை. போன வாரமும் கடைப் பிரியாணி, இந்த வாரமும் கடைப் பிரியாணி. கதிரியக்கக் கழிவைக் கண்ணாடியோடு உருக்கி ஆயிரக்கணக்கான வருஷத்துக்குப் பூட்டி வைக்க வழி தேடுகிறவனுக்கு, பெண்டாட்டி மனசில் பூட்டி வைத்திருப்பது என்னவென்று தெரியவில்லை. பிரிந்துவிடத் தீர்மானித்துவிட்டாள் என்றே நினைத்துக்கொண்டான்.

சுந்தரமூர்த்தி பையிலிருந்து கதிரியக்கம் காட்டும் மீட்டரை எடுத்தார். அவன் பெட்டி, பீரோ, செருப்பு வைக்கும் இடம் எல்லாம் பார்த்தார். மீட்டர் சோம்பலாக டிக்... டிக்... என்றது. பெட்ரூமுக்குள் போனார். ஆணிக்கு நேர் கீழே கெசியாவின் கட்டில். தலையணைப் பக்கம் மீட்டரைக் கொண்டுபோனதும் டிக் டிக்கென்று வேகம் பிடித்தது.

அவர் முகம் கறுத்தது. “இன்னாத்தய்யா ஒளிச்சு வெச்சிருக்கே இங்க?”

நத்தானியேல் பதறிப்போய்த் தலையணையைப் பிரித்தான். பஞ்சுதான். மெத்தையைப் புரட்டினான். அடியில் பழைய பைபிள் ஒன்று இருந்தது, வேறு ஒன்றும் இல்லை. பதினெட்டு வருஷ வேலை. பேப்பரில் பேர் வரும், சர்ச்சில் தலைகாட்ட முடியாது. இந்த ஊரில் யாருக்கு என்ன நோய் வந்தாலும் தோல் பதனிடும் டேனரித் தண்ணீரைச் சொல்வார்கள். இந்தத் தெருவில் மட்டும் நத்தானியேலைச் சொல்வார்கள்.

“சார்...”

கெசியா வாசல்படியில் நின்றிருந்தாள். குரல் கரகரத்தது.

“அவர் மேல தப்பில்ல சார். அத இந்த வீட்டுக்குக் கொண்டாந்தது நான்.”

“நீயா? எதம்மா?” சுந்தரமூர்த்தி மீட்டரோடு இரண்டடி எடுத்து வைத்தார். மீட்டர் கத்தியது. அவள் ஓரடி பின்னால் போனாள். சத்தம் தணிந்தது.

அவர் மீட்டரை அணைத்துவிட்டார். சட்டென்று குரலே மாறிவிட்டது. “எந்த ஆஸ்பத்திரிம்மா?”

கெசியா துப்பட்டாவை அவிழ்த்தாள். கழுத்தின் குறுக்கே, இன்னும் சிவப்பு மாறாத தையல் தழும்பு.

“வேலூர்ல சார். தைராய்டு கேன்சர். இவர் வடக்க இருந்தப்பவே ஆப்பரேஷன் ஆயிடுச்சு. போன வாரம் கதிரியக்க அயோடின் குடுத்து, தனி ரூம்ல வெச்சிருந்து அனுப்புனாங்க. வேர்வையிலயும் எச்சில்லயும் கொஞ்ச நாள் வெளிய வந்துட்டிருக்கும்னு சொன்னாங்க.”

“எங்கிட்ட ஏன்டி சொல்லல?” புரட்டிய மெத்தையை விட்டுவிட்டு நிமிர்ந்தான் நத்தானியேல்.

“ஊரே உங்களத்தான் சொல்லும். நீங்களும் அத நம்பி, இந்த நோய லேப்லேருந்து நாமதான் கொண்டாந்து குடுத்துட்டோம்னு வேலைய விட்டுடுவீங்க.”

அவன் அவளை நோக்கி ஓடினான்.

கெசியா இரண்டு கைகளையும் நீட்டித் தடுத்தபடி சுவரோரம் ஒதுங்கினாள். “அங்கயே நில்லுங்க... தூரம் ஜாஸ்தியானா படறது கம்மியாவும்னு நீங்கதான எனக்குச் சொல்லிக்குடுத்தீங்க?”