அத்திமரத்துக் குக்குறுவான்

கழுத்தை இடப்பக்கம் ஒரு திருகு திருகினால் குக்குறுவான் ஓய்ந்துவிடும். விடுதித் தோப்பின் இயந்திரப் பறவைகளில் நேரங்கெட்டுக் கூவுவதை அப்படி அணைப்பதுதான் மரியபுஷ்பத்தின் வேலை. பறவைகள் அழிந்தே போய்விட்டன என்று எல்லோரும் நம்பிய காலம்; உயிருள்ள ஒன்றை அவள் கண்டதேயில்லை.

அன்று அத்திமரப் பொந்திலிருந்து ஒன்று விடாமல் கூவியது. தூங்க முடியவில்லை என்று விருந்தாளிகள் சத்தம் போட்டார்கள். ஏணியில் ஏறிப் பொந்துக்குள் கைவிட்டு, பழகிய கையால் திருகினாள். பச்சை உடம்பு வெதுவெதுவென்று துடித்து அடங்கியது. அலகில் அத்திப்பழச் சாறு.

"நிறுத்தியாச்சா புஷ்பம்?" கீழிருந்து மேனேஜர் கேட்டார்.

"ஆச்சு சார்." பறவையை முந்தானைக்குள் மறைத்தாள்.

பொந்துக்குள் குஞ்சுகள் கத்தத் தொடங்கின.

"இன்னும் கத்துதே, அதையும் திருகிவிடும்மா!"

மரியபுஷ்பத்துக்குக் கீழே இறங்கவும் முகமில்லை, பொந்துக்குள் பார்க்கவும் முகமில்லை.