கரண்ட் போனாலும் நிற்காதது

“கத்தாதேம்மா. இதோ பாரு, என் நெஞ்சுக்குள்ளேயும் அந்த மெஷின்தான் ஓடறது. மூணு வருஷமாச்சு. நான் பயப்படறேனா?”

நீலகண்டன் வலது கையால் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். இடது கையை லிப்டில் ஏறியதிலிருந்தே துணிப்பைக்குள் விட்டுக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரி லிப்ட் மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் நின்று பத்து நிமிஷம் ஆகியிருந்தது. கரண்ட் போய், ஜெனரேட்டர் ஓடி, விளக்குகூட வந்துவிட்டது. லிப்ட் மட்டும் அசையமாட்டேன் என்று அடம் பிடித்தது. மெக்கானிக் வருவான், பொறுங்கள் என்று வெளியே யாரோ கத்திவிட்டுப் போனார்கள்.

உள்ளே இருந்தது இரண்டே பேர். ஒருவர் கிழக்கேகோட்டை அக்ரஹாரத்து நீலகண்டன். இன்னொருத்தி வித்துராவுக்கு மேலே தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளும் தங்கபாய். செல்போனெல்லாம் பெரிய டாக்டர்கள் கையில் மட்டுமே இருந்த காலம்.

தங்கபாய் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவள் இதயம் ரொம்ப மெதுவாகத் துடிக்கிறதாம். வேலை நடுவில் இரண்டு முறை மயங்கி விழுந்துவிட்டாள். மலைச்சரிவில் இன்னொரு தடவை விழுந்தால் பிழைக்கமாட்டாய் என்று டாக்டர் சொல்லி, நாளைக்குப் பேஸ்மேக்கர் வைக்க நாள் குறித்திருந்தார்.

புருஷன் யோசுவா சாயா குடிக்கப் போன நேரம் பார்த்து அவள் வார்டை விட்டுக் கிளம்பிவிட்டாள். தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் வித்துரா பஸ்ஸைப் பிடித்துவிட்டால் யார் வந்து பிடிப்பார்கள்? தப்பி ஓடுகிறவர்கள் படியில்தான் இறங்க வேண்டும். இவள் மயக்கத்துக்குப் பயந்து லிப்டில் ஏறி, வகையாக மாட்டிக்கொண்டாள்.

“கரண்ட் போனா இந்தப் பெட்டியே நின்னு போவுதே சாமி. எங்க பக்கத்துல தெனமும் அரை மணிக்கூர் லோட்ஷெட்டிங். அந்த அரை மணிக்கூரு என் நெஞ்சும் நின்னுருமில்லா? அதான் எனக்குப் பேடி, அம்புட்டுப் பயம்!”

“அட அசடே! கம்பியில வர கரண்டுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? உள்ளேயே பாட்டரி இருக்கு.”

“பாட்டரி தீந்து போச்சுன்னா?”

“சட்டுனு தீராம அதுவே பாத்துக்கும்.” நீலகண்டன் குரலைத் தணித்துக்கொண்டார். “எங்காத்துல பாகீரதி தெனமும் கார்த்தால என்னை எழுப்புவா. முதல்ல மெதுவா, ‘ஏன்னா’ம்பா. நான் எழுந்துட்டா அதோட சரி. எழுந்துக்கலைன்னா உடனே உரக்க ஒரு குரல்.”

“மெஷினும் அப்படிக் கத்துமா?”

“கத்தாது. சின்னதா ஒரு தட்டு தட்டும். இதயம் பதில் சொல்றதான்னு கவனிக்கும். சொல்லலைன்னா உடனே பலமா ஒண்ணு. எவ்வளவு மெதுவாத் தட்டினாப் போறும்னு அப்பப்போ அதுவே சோதிச்சுப் பாத்து, அதுக்கு மேல கொஞ்சமே கொஞ்சம் சேத்துண்டு தட்டும். வீணாக் கத்தாததால தொண்டைத்தண்ணி மிச்சம். பாட்டரி எட்டு வருஷம், பத்து வருஷம் வரும். டாக்டர் நாலு தடவை படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கார்.”

தங்கபாய் கதவை அடிப்பதை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். காற்றே இல்லை. நான்கு தகரச் சுவரும் மேலே வந்து சாய்வதுபோல் இருந்தது.

“வைக்கச்சிலே நோவுமா சாமி?”

“ஊசி குத்தற நேரந்தான்.”

“அந்தத் தழும்பைக் கொஞ்சம் காட்டுங்களேன்.”

நீலகண்டன் அவசரமாகக் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். “நன்னாருக்கு! பொம்மனாட்டி முன்னாடி சட்டையைக் கழட்டறதாவது!”

வந்ததிலிருந்து முதல் தடவையாகத் தங்கபாய் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“எனக்கு ரெண்டும் பொம்பளப் பிள்ளைங்க. மூத்தவ அனுஷா பத்தாங்கிளாஸு. நான் சரிவுல விழுந்து செத்தா அதுகளுக்கு ஆரு இருக்கா? கதவு தொறந்ததும் நான் வார்டுக்கே போறேன் சாமி. மெஷினை வச்சிக்கிட்டு நீங்களே கல்லு மாதிரி நிக்கியளே.”

நீலகண்டன் நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

மெக்கானிக் வந்து, மேலே இருந்த சக்கரத்தைக் கையாலேயே சுற்றி, லிப்டை மூன்றாம் மாடிக்கே ஏற்றினான். கதவு திறந்தது. வெளியே நர்ஸ் லிபி ஒரு வீல்சேரோடு மூச்சிரைக்க நின்றிருந்தாள்.

தங்கபாய் இரண்டு கையையும் கூப்பினாள். “நாந்தான் ஓடினேன் சிஸ்டர், தப்புதான். இதோ ஏறி இருக்கேன்.”

லிபி அவளைத் தாண்டி உள்ளே பார்த்தாள். “சேச்சிக்கு நாளைக்கல்லே? இது இந்தச் சாமிக்காக்கும். இன்னிக்கு ரெண்டு மணிக்கு மெஷின் வைக்கணும்னு ஆபரேஷன் தியேட்டர்ல எல்லாரும் காத்து நிக்காங்க. பாத்ரூம் போறேன்னுட்டுப் போன ஆளு!”

துணிப்பைக்குள்ளிருந்து இடது கை மெல்ல வெளியே வந்தது. புறங்கையில், டிரிப் ஏற்றக் குத்திய ஊசி பிளாஸ்திரியோடு அப்படியே இருந்தது. நீலகண்டன் திரும்பி லிப்டைப் பார்த்தார். அதுவும் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டது.

தங்கபாய் வீல்சேரைப் பிடித்து அவர் பக்கம் திருப்பினாள்.

“இரிங்க சாமி, ஊசி குத்துற நேரந்தான்.”