நிறுத்தச் சொல்லும் வரை

விசில் ஒலித்தது. அவள் ஓடிக்கொண்டிருந்தாள்.

எப்போது புறப்பட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு நொடி முன்புவரை மைதானத்து ஓரத்தில், குடிதண்ணீர்க் குழாயருகே கைப்பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். இப்போது பை அங்கே மண்ணில் கிடந்தது. முன்னால் ஏழெட்டுப் பெண் பிள்ளைகள். பின்னால் சுடிதாரும் வார்ச்செருப்புமாக அவள்.

அவளுக்காக ஊதிய விசில் இல்லை அது.

முதல் வளைவு வரை நன்றாகவே இருந்தது. மூச்சு தன் பழைய இடத்தைத் தேடிப் போய் உட்கார்ந்துகொண்டது. பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ரயில்வே அணிக்கு ஓடிய ஜெனோவா அக்கா கூடவே ஓடி வருகிறாள் என்றால் சும்மாவா? வேகத்தைக் கூட்டினார்கள்.

அவளும் கூட்டினாள்.

இரண்டாம் சுற்றில் வலது முட்டி முனகத் தொடங்கியது.

ஆபரேஷன் செய்த முட்டி. இன்னொரு தடவை சவ்வு கிழிந்தால் படியேறுவதே பாடுதான் என்று டாக்டர் சொன்ன பிறகு ஓட்டத்தை விட்டிருந்தாள். விடச் சொன்னார்கள், விட்டாள்.

நின்றுவிடலாம். பெரிய காரியம் ஒன்றுமில்லை. நாலடி மெதுவாக வைத்தால் போதும்.

கால் நிற்கவில்லை.

மைதானத்தின் நடுவே நிலோபர். ஒரு காலத்தில் அவளுக்குப் பின்னால் ஓடிய பெண், இப்போது இந்தப் பிள்ளைகளின் கோச். கழுத்தில் விசில் தொங்கியது. அக்கா ஆசைப்பட்டு ஓடுகிறாள் என்று நினைத்தாளோ என்னவோ, கைதட்டினாள்.

ஊது, என்று ஜெனோவா மனதுக்குள் கெஞ்சினாள். ஊதேன்டி.

நிலோபர் ஊதவில்லை.

ஒவ்வொரு அடிக்கும் முட்டிக்குள் ஏதோ வழுக்கியது. வழுக்கி மறுபடி இடத்தில் உட்கார்ந்தது. ஒரு பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினாள். இன்னொருத்தி புல்லில் சாய்ந்து தண்ணீர் கேட்டாள். யாரும் திட்டவில்லை. முடியவில்லை, நின்றுவிட்டார்கள். அவ்வளவுதான்.

அதைப் பார்த்தபடியே அவர்களைக் கடந்து ஓடினாள்.

அப்போதுதான் பயம் வந்தது. முட்டியை நினைத்து வந்த பயமில்லை.

பள்ளிக்கூட நாளிலிருந்தே கோச் சார் சொன்னால் ஓடுவாள், சார் சொன்னால் நிற்பாள். எத்தனை முட்டை, எப்போது தூக்கம், எந்த வேலை, எல்லாம் சார்தான். அவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. அவள் வேலை பார்க்கும் ரயில்வே முன்பதிவு கவுன்ட்டரில் எதிரே நிற்பவர்கள் எங்கே போக வேண்டும் என்று டக்கென்று சொல்லிவிடுகிறார்கள். அவளுக்கு மத்தியானம் என்ன சாப்பிடுவது என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் வாங்குவதையே வாங்குகிறாள்.

மேலதிகாரி கேட்டிருந்தார். ஓட்டத்துக்குக் கோச் ஆகப் படிக்கப் போகிறாயா, கவுன்ட்டரிலேயே இருக்கிறாயா? திங்கட்கிழமை பதில் வேண்டும்.

அண்ணன் போ என்றான். சரி என்றாள்.

அம்மா வேண்டாம் என்றாள். அதற்கும் சரி என்றாள்.

நிலோபரையும் ஒரு வார்த்தை கேட்கலாம் என்றுதான் இன்று மைதானத்துக்கு வந்தாள். கேட்டிருந்தால், அவள் எதைச் சொல்லியிருந்தாலும் சரி என்றிருப்பாள்.

கைதட்டல் நின்றது.

அக்காவின் வலது கால் வெளிப்பக்கமாக வீசி வீசி விழுவதை நிலோபர் பார்த்துவிட்டாள். விசிலை வாயில் வைத்து நீளமாக ஊதினாள்.

ஜெனோவா நின்றாள். அடுத்த அடிகூட வைக்கவில்லை.

"பைத்தியமாக்கா உங்களுக்கு?" நிலோபர் ஓடி வந்து தோளைத் தாங்கிக்கொண்டாள். "வலிச்சா நிக்க வேண்டியதுதானே?"

"நீ ஊதலயே."

சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்று அவள் காதில் விழுந்தது.

நிலோபர் அவளைப் புல்லில் உட்கார வைத்தாள். பனிக்கட்டியைத் துண்டில் சுற்றி முட்டியில் அழுத்தினாள். பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொன்னாள்.

"போன வருஷம் நான் ஒரு மேடம்கிட்ட போனேன்ல, லைஃப் கோச்னு. வாழ்றதுக்குமா கோச்சுன்னு சிரிச்சீங்களே."

ஞாபகம் இருந்தது. விழுந்து விழுந்து சிரித்திருந்தாள்.

"அவங்க என்ன செய்யணும்னு சொல்லிடுவாங்களா?"

"எங்கக்கா? நானும் கேட்டுக் கேட்டுப் பாத்தேன். கேள்விதான் கேப்பாங்க. சொல்லவே மாட்டாங்க."

ஜெனோவாவின் முகம் வாடிவிட்டது. சொல்ல மாட்டார்கள் என்றால் எதற்கு?

கொஞ்ச நேரம் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைக் கோடுகள் வளைந்து வளைந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தன.

"நம்பர் குடு," என்றாள்.

மூன்றாவது ரிங்கில் ஒரு பெண் குரல். பெயர் கேட்டது. என்ன வேலை என்று கேட்டது. பிறகு, "எந்தக் கிழமை வர்றீங்க?" என்றது.

"நீங்களே சொல்லுங்க மேடம்."

"எனக்கு எல்லா நாளும் சரிதாம்மா. உங்களுக்கு எது வேணும்?"

அவள் சட்டென்று நிலோபரைப் பார்த்தாள். நிலோபர் குனிந்து, துண்டை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவே இல்லை.

மறுமுனை அவசரப்படுத்தவில்லை. வைத்துவிடவும் இல்லை.

"வெள்ளி," என்றாள்.

பனிக்கட்டி கரைந்து கணுக்கால் வரை வழிந்தது.

"இல்ல, வேணாம். வியாழன்."