மருமகளின் ரத்தம்

பெண்களின் சாப்பாட்டையும் ரத்தத்தையும் ஒப்பிட்டுக் கணக்கெடுக்க வந்த நர்ஸ், மருமகளின் விரலில் குத்திவிட்டு மிஷினை உற்றுப் பார்த்தாள்.

"தினம் மத்தியானம் வெறும் சோறும் வெங்காயமுந்தான்னு சொன்னீங்க. ரத்தம் இவ்வளவு நல்லா இருக்கே!"

மாமியாருக்குச் சுருக்கென்றது. இந்தப் பூனை எந்தப் பானையை உருட்டுகிறது? அலமாரிச் சாவி தன் இடுப்பில் அல்லவா இருக்கிறது?

"வேலை பாக்குற இடத்துல யாருடி வாங்கித் தர்றா?"

"யாரும் இல்ல அத்தை. நீங்க கட்டிக் குடுக்கறதத்தான் சாப்பிடறேன்."

அதுவும் சரிதான். மகனுக்குச் சிவப்பு டப்பாவில் ஈரலும் முட்டையும் கீரையும், மருமகளுக்கு நீல டப்பாவில் சோறும் வெங்காயமும் தன் கையாலேயே கட்டி, இருவரையும் ஒரே வண்டியில் அனுப்பிவைப்பவள் அவள்தான்.

"ஏம்மா, உன் மிஷின்ல கோளாறு. என் மகனுக்குப் பாரு, தெரியும்!"

நழுவப் பார்த்த மகனைச் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். நர்ஸ் குத்திப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"ரத்தமே இல்லையே தம்பி! நேத்து மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?"

"சோறும் வெங்காயமும்" என்று வாய் தவறி உளறிவிட்டான் மகன்.

மாமியார் மெல்ல மருமகள் பக்கம் திரும்பினாள்.

"ஈரல்ல உப்பு சரியா இருந்துச்சாடி?"

"கொஞ்சம் தூக்கல், அத்தை."