எத்தனை பீப்?

செல்லூர்ச் சந்தில், ஓடும் விசைத்தறிகளுக்கு நடுவே, திறந்து கிடக்கும் கம்ப்யூட்டர் முன் ஆர்த்திகா குத்தவைத்திருக்கிறாள். கடையில் வாங்கிவந்த இரண்டு ரேம் நினைவக அட்டைகளில் முதலாவது ஒத்துவராமல், கம்ப்யூட்டர் மூன்று முறை பீப் என்று கத்திவிட்டது. மிச்சமிருப்பதும் சேராவிட்டால் நாளைய கல்யாணச் சேலைக்கு டிசைன் கிடையாது. இடுக்கிலிருக்கும் பஞ்சுத்தூசியை ஊதிவிட்டு, கட்டைவிரலால் இரண்டாவது ரேமை அழுத்திப் பொருத்துகிறாள். "சோலைண்ணே, தறிய நிறுத்துங்க. பீப் சத்தம் கேக்கணும்." "இன்னும் எம்புட்டு தடவ நிறுத்துறது?" தறிக்காரர் சோலை முனகிக்கொண்டே சுவிட்சை இறக்குகிறார். சந்தே செவிடாகிவிட்டதுபோல் அமைதி. ஆர்த்திகா பொத்தானை அமுக்குகிறாள். விசிறி சுழல்கிறது. பீப். ஒன்றோடு நின்றால் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். திரை இன்னும் கறுப்பாகவே இருக்கிறது. ஒரு விரலை மடக்கிய சோலை, அடுத்த விரலைத் தொட்டபடி மூச்சுவிடாமல் நிற்கிறார்.