விரலால் நுழையும் போல்ட்

"இடது பக்கம் ஒடிச்சா சொன்ன பேச்சு கேக்குது. வலது பக்கம் ஒடிச்சா கழுதை மாதிரி நேராப் போகுது. என்னதான் பண்ணி வெச்சிருக்கே, வாஸீலா?"

ரீத்வான் தலைக்கவசத்தைக் கழற்றிச் சிவப்பு கோல்ஃப் காரின் கூரைமேல் வைத்துவிட்டுக் கத்தினான். கேப் டவுன் பந்தயத் தடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வாஸீலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து இது மூன்றாவது முறை. அண்ணன் கத்துவது பழகிய விஷயம்தான். ஆனால் நாலடி தள்ளி மடக்கு நாற்காலியில் அரண்ட்சே உட்கார்ந்திருந்தார். கார்ப் பந்தய கிளப்பின் தலைவர். "உங்க அண்ணன் கார் இன்னிக்கு ஒழுங்கா ஓடட்டும். கிளப் கார் ஏழையும் உன் பட்டறைக்கே அனுப்புறேன்" என்று சொல்லியிருந்தார். பட்டறை திறந்து மூன்று மாதம். இதுவரை வந்தது அண்ணன் கார் ஒன்றுதான்.

"புது லிங்க் போட்டதுலேருந்துதான் இந்தக் கூத்து. பழசே தேவலை" என்றான் ரீத்வான்.

"பழசு தேஞ்சு லொடலொடன்னு ஆடிச்சு. நீங்கதானே அண்ணே மாத்தச் சொன்னீங்க?"

"நீளம் வெக்கத் தெரியாதுன்னு நீ சொல்லலையே!"

அரண்ட்சே எழுந்து வந்தார். "ஏம்மா, ஒரு சாண் கம்பி, அதுவா இந்தப் பாடு படுத்துது?"

கேட்டதுதான் தாமதம், வாஸீலா கோபத்தை மறந்துவிட்டாள்.

"இங்க குனிஞ்சு பாருங்க அங்கிள். வளைவுல கார் ஒரு பக்கமாச் சாயாமப் பிடிக்கிறது இந்தக் குறுக்குக் கம்பி. அதோட ரெண்டு நுனியையும் சக்கரத்துப் பக்கம் கோக்குறது இந்த லிங்க். திருகினா நீளும், குறையும். கார் சும்மா நிக்கிறப்ப கம்பில துளி முறுக்கு இருக்கக் கூடாது. இருந்தா ஒரு பக்கம் நல்லாத் திரும்பும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும்."

"முறுக்கு இல்லேன்னு எப்படித் தெரியும்?"

"லிங்கை மாட்டுற போல்ட்டே சொல்லிடும்! விரலால தள்ளினாலே நுழையணும். சுத்தியல் கேட்டா நீளம் தப்பு. ஓட்டுறவர் ஏறினா அந்தப் பக்கம் கொஞ்சம் இறங்கும் இல்லையா? அதுக்காக சீட்டுல எழுபத்தெட்டு கிலோ மணல் மூட்டை வெச்சுட்டுத்தான் அளவே எடுக்கிறேன்."

மூட்டைகளை ஏற்றினாள். காருக்கு அடியில் படுத்து ஒற்றை விரலால் தள்ளினாள். போல்ட் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

"சரியாத்தானே இருக்கு?" என்றார் அரண்ட்சே.

"அதான் அங்கிள் எனக்கும் புரியலை! தரைக்கு ரசமட்டம் வெச்சுப் பாத்துட்டேன். டயர் நாலுலயும் காத்து ஒண்ணுபோல இருக்கு. அண்ணே, ஒரு தடவை நீங்களே ஏறி உக்காருங்களேன்."

"இந்த வெயில்ல, இந்த உடுப்போட, பொம்மை மாதிரியா? மூட்டை எதுக்கு இருக்கு?" பாகில் ஊறிய கொய்சிஸ்டர் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு ரீத்வான் நிழலைப் பார்த்து நடந்தான். "உனக்கு வேலை தெரியலை, அதைச் சொல்லு."

வாஸீலா பல்லைக் கடித்தாள். லிங்கைக் கழற்றினாள், துடைத்தாள், மறுபடி அளந்து மாட்டினாள். மூட்டைகளை இறக்கினாள். ரீத்வான் இரண்டு சுற்றுப் போய்த் திரும்பினான்.

"அதே கழுதை!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினான்.

அரண்ட்சே நாற்காலியை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"தப்பா நினைக்காதேம்மா. நல்லாப் பேசுறே, நல்லாப் புரிய வெக்கிறே. ஆனா ஏழு காரை நம்பி விட முடியாது."

"சரி அங்கிள்." ஸ்பேனரைப் பெட்டிக்குள் எறிந்த சத்தத்தில் பக்கத்துக் கார்க்காரர் திடுக்கிட்டார். "அண்ணே, நாளைக்குப் பழசையே மாட்டித் தரேன். அதோட பட்டறையையும் பூட்டிடறேன். போதுமா?"

ரீத்வான் பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கிரீஸ் கையால் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதில் கன்னமெல்லாம் கறுப்பு. போய்க்கொண்டிருக்கும் அரண்ட்சேயைப் பார்த்தான். சுற்றி நிற்கிற கூட்டத்தைப் பார்த்தான். மெதுவாக இறங்கினான்.

"அங்கிள், ஒரு நிமிஷம் நில்லுங்க! தப்பு அவ கையில இல்லை."

எல்லோரும் திரும்பினார்கள். ரீத்வான் தங்கையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு, ஆனால் சத்தமாகவே சொன்னான்:

"வாஸீலா, சீட்டுல இன்னும் ஒரு மூட்டை ஏத்து. எழுபத்தெட்டுன்னு நான் சொன்னது, என் கல்யாணத்தன்னிக்கு இருந்த எடை."